ஜன்னலில் தெரிந்த நியூயார்க்



ஒரே ஜன்னலில் நின்று, ஒரே காட்சியைப் பல மாதங்கள் திரும்பத் திரும்பப் படம் பிடித்த ஒருவரைப் பற்றி இன்று பார்ப்போம். அவர் பெயர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ். 1864-ஆம் ஆண்டு, நியூயார்க் நகருக்கு ஆற்றின் அக்கரையிலுள்ள ஹோபோக்கனில் பிறந்தவர். புகைப்படமும் ஓவியத்தைப் போல் ஒரு கலையே என்று வாதாடியவர். அன்று பலர் அதை ஏற்கவில்லை. பெட்டி செய்கிற வேலையில் கலை ஏது என்று கேட்டார்கள்.

இளமையில் அவர் தெருவில் இறங்கிப் படம் எடுத்தார். 1893-இல் பனிப்புயலில் மூன்று மணி நேரம் காத்து நின்று, ஒரு குதிரை வண்டியைப் படமாக்கினார். 1907-இல் ஐரோப்பாவுக்குச் சென்ற கப்பலில், மலிவுக் கட்டணத் தட்டில் நெருக்கியடித்து நின்ற ஏழைப் பயணிகளை எடுத்தார். அவருடைய படங்களில் மிகவும் பெயர் பெற்றது அதுதான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிகளின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்தத் தட்டைக் கண்டதும் மனம் கனக்கும்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில், மாடிக் கட்டடம் ஒன்றின் பதினேழாம் மாடியில் அவர் ஒரு கலைக்கூடம் திறந்தார். அப்போது அவருக்கு வயது 65. குடியிருந்ததும் ஷெல்டன் என்னும் உயரமான ஹோட்டலில்தான். அவர் மனைவி ஜார்ஜியா ஓ'கீஃப் ஓவியர்; அந்த ஹோட்டலின் உயரத்திலிருந்து தெரிந்த கிழக்கு ஆற்றை வரைந்தவர்.

ஸ்டீக்லிட்ஸ் கனமான காமிராவை ஜன்னலருகே நிறுத்தினார். எதிரே புதிய கோபுரங்கள் எழும்பிக் கொண்டிருந்தன. ஒரு படத்தில் வெறும் இரும்புச் சட்டம், எலும்புக்கூடு போல. பிறகு எடுத்த படத்தில் அதே சட்டத்தின் மேல் சுவர் ஏறியிருக்கும். வெயிலில் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கருத்து நிற்கும் கட்டடம், இரவில் வெறும் விளக்குப் புள்ளிகளாகி விடும். இடம் மாறவில்லை, நேரமும் வெளிச்சமுமே மாறின.

இப்படங்களை வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவன், "இரும்பு ஏற்றினவங்க எங்க, சார்?" என்று கேட்டான். நாம் மீண்டும் உற்றுப் பார்த்தோம். கண்ணுக்கு ஆள் தட்டுப்படவில்லை. கீழே தெருவில் இலவச ரொட்டிக்கு மனிதர்கள் வரிசையில் நின்ற காலம் அது. 1933-இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. அதற்காக அவரைக் கல்மனம் படைத்தவர் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். கப்பல் தட்டின் ஏழைகளைப் பார்த்த கண் அல்லவா அது! ஆனாலும், அவ்வளவு உயரத்திலிருந்து கட்டடம்தான் தெரியும்.

அந்த நகரில் விழுந்த அடி நம் தோட்டங்களிலும் விழுந்தது. மலாயா ரப்பரை மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. அங்கே கார் விற்பனை படுத்தது. டயருக்குத் தேவை குறைந்தது. ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போனது. 1930 முதல் 1932 வரை, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் மலாயாவிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டுகளில்தான் ஸ்டீக்லிட்ஸ் தம் ஜன்னலில் நின்று அந்தக் கோபுரங்களைப் படம் பிடித்துக் கொண்டிருந்தார்.