கினி பிக் வளர்க்கிறீங்களா? தினமும் என்ன கொடுக்கணும், எதைத் தொடவே கூடாது? முழு விவரம்

"முயல் சாப்பிடுறதுதானே, இதுவும் சாப்பிடும்" என்று நினைத்து, கினி பிக்கோடு ஒரு பாக்கெட் முயல் தீவனத்தையும் வாங்கி வருபவர்கள் உண்டு. இரண்டும் புல் தின்னும் பிராணிகள்தான். ஆனால் முயலின் உடல் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யை தானே தயாரித்துக்கொள்ளும். கினி பிக்கால் அது முடியாது. மனிதர்களைப் போலவே, சாப்பாட்டில் இருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும்.

வைட்டமின் சி குறைந்தால் என்ன ஆகும்?

1907-ல் நார்வே ஆய்வாளர்கள் அக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் கினி பிக்குகளுக்கு தானிய உணவை மட்டும் கொடுத்துப் பார்த்தனர். கப்பல் மாலுமிகளை வாட்டிய அதே ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. இன்றும் வீட்டில் இதே தவறு நடந்தால் இதே நோய்தான். மூட்டு வீங்கும், நடக்கத் தயங்கும், முடி பொலிவிழக்கும், ஈறில் ரத்தம் கசியும்.

ஒரு கிலோ எடைக்கு தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை வைட்டமின் சி தேவை. சினையாக இருந்தால் கூடுதலாக வேண்டும். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பது சரியான வழி இல்லை. தண்ணீரில் அதன் சத்து சீக்கிரம் போய்விடும். சுவை மாறுவதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடவும் கூடும்.

முதலிடம் புல்லுக்குத்தான்

கினி பிக்கின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார்ச்சத்துள்ள புல்லை மென்றுகொண்டே இருந்தால்தான் அவை தேயும், குடலும் ஓடும். அதனால் உணவில் பெரும்பங்கு உலர்புல்லாக இருக்கணும். கூண்டில் அது எப்போதும் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிமோத்தி புல் நல்லது. பூச்சிமருந்து படாத அருகம்புல்லையும் கழுவிக் கொடுக்கலாம். பச்சைப்புல்லுக்குப் பழகாததாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கணும்.

குதிரை மசால் புல்லில் கால்சியம் அதிகம். குட்டிகளுக்கும் சினையானவற்றுக்கும் அது சரி. வளர்ந்தவற்றுக்கு தினசரி உணவாக வேண்டாம்.

காய்கறி எவ்வளவு?

தினமும் சுமார் ஒரு கப். இதில் குடைமிளகாய்க்குத்தான் முதல் மரியாதை. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அதாவது 25 கிராம் துண்டு கொடுத்தாலே சுமார் 20 மில்லிகிராம் வந்துவிடும். கூடவே கொத்தமல்லித் தழை, லெட்டூஸ், வெள்ளரிக்காய் சேர்க்கலாம்.

கேரட், ஆப்பிள், கொய்யா எல்லாம் வாரத்தில் ஓரிரு முறை சிறு துண்டு போதும். இனிப்பு அதிகமானால் எடை கூடும், வயிறு கெடும். பாலக் கீரையை தினமும் கொடுப்பது சிறுநீர்ப்பையில் கல் வர வழி செய்யலாம்.

பெல்லட் வாங்கும்போது கவனிக்க வேண்டியது

வைட்டமின் சி சேர்த்த கினி பிக் பெல்லட்டாகப் பார்த்து வாங்குங்கள். தினமும் ஒன்று அல்லது இரண்டு டேபிள்ஸ்பூன் போதும். பாக்கெட் பழசாக ஆக அதிலுள்ள வைட்டமின் சி குறைந்துகொண்டே வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மொத்தமாக வாங்கி வைப்பதில் பயனில்லை.

கொடுக்கவே கூடாதவை

* வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகேடோ
* சோறு, பிரெட், பிஸ்கட், சாக்லேட்
* பால், தயிர், முட்டை, இறைச்சி
* டாக்டர் சொல்லாத ஆன்டிபயாடிக் மருந்து. அமாக்ஸிசிலின் போன்றவை குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அழித்து உயிரையே பறிக்கலாம்.

தன் மென்மையான எச்சத்தை தானே தின்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். விடுபட்ட சத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளும் இயல்பான பழக்கம் அது.

எப்போது டாக்டரிடம் ஓடணும்?

கினி பிக் நோயை வெளிக்காட்டாது. உணவுத் தட்டும் புழுக்கையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அரை நாளாக எதையும் தொடவில்லை, புழுக்கை குறைந்துவிட்டது என்றால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். குடல் இயக்கம் நின்றால் ஒரு நாளுக்குள்கூட நிலைமை கைமீறலாம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். சாப்பிடுவதுபோலத் தெரிந்தாலும், எடை இறங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது.