கரப்பானும் கால்வழியும்

வடநாட்டில் குளிர்காலம் பிறந்து காற்று உலரத் தொடங்கியதும், நம்மவர் வீடுகள் சிலவற்றில் ஒரு கவலையும் உடன் வந்து சேர்கிறது. கைக்குழந்தையின் கன்னம் சிவந்து வெடிக்கிறது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தடிப்பு எழுகிறது. குழந்தை இரவெல்லாம் சொறிந்துகொண்டு உறங்காமல் அழுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி அதைக் கரப்பான் என்கிறார். வைத்தியர் எக்ஸிமா என்கிறார். பெயர் எதுவாயினும் அடுத்து எழும் கேள்வி ஒன்றே: பால் கொடுப்பவள் என்ன சாப்பிட்டாள்? கத்தரிக்காய் விலக்கப்படுகிறது, கருவாடு விலக்கப்படுகிறது. தாய் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். இக்கேள்விக்கு நெடிய சரித்திரம் ஒன்று உண்டு. அதனைச் சற்று நோக்குவோம்.

எக்ஸிமா என்பது கிரேக்கச் சொல். பொங்கி வழிதல் என்பது அதன் பொருள். உடலினுள் கொதிக்கும் கெட்ட நீர் தோல் வழியே பொங்கி வெளிப்படுகிறது என்று பண்டைய வைத்தியர் கருதினர். நோயின் வேர் உள்ளே இருக்கிறது, தோல் வெறும் வாயில்தான் என்னும் இந்த எண்ணம் பல நூற்றாண்டுகள் அசையாமல் நின்றது.

1892-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர் எர்னஸ்ட் பெனியே ஓர் உண்மையைக் கண்டு எழுதினார். இவ்வாறு சொறியும் குழந்தைகளின் குடும்பங்களிலேயே ஆஸ்துமாவும், பருவந்தோறும் வரும் மூக்கொழுக்கும் சேர்ந்து காணப்பட்டன. நோய் குடும்ப வழியில் வருகிறது என்னும் குறிப்பு அங்கே கிடைத்துவிட்டது. பின்னர் 1923-இல் கோக்கா, குக் என்னும் அமெரிக்கர் இருவர், பரம்பரையாக வரும் இத்தகைய ஒவ்வாமைக்கு 'அட்டோப்பி' என்று பெயர் சூட்டினர். இடம் பொருந்தாதது, விநோதமானது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் கருத்து. காரணம் விளங்காத ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது! 1933-இல் வைஸ், சுல்ஸ்பெர்கர் இருவரும் அப்பெயரைக் குழந்தைகளின் இந்தத் தோல் நோய்க்கும் இட்டனர்.

ஆயினும் தாய்க்கு விடுதலை கிடைக்கவில்லை. 1940-களிலும் 1950-களிலும் மனோதத்துவம் செல்வாக்குப் பெற்றிருந்தது. தாய் உள்ளூரக் குழந்தையை வெறுப்பதாலேயே அதற்கு ஆஸ்துமாவும் எக்ஸிமாவும் வருகின்றன என்று அமெரிக்காவில் சிலர் கட்டுரைகளே எழுதினர். கண் விழித்துக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மாரை இச்சொற்கள் எவ்வளவு புண்படுத்தியிருக்கும்! விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்பட்ட கொடுமைகளில் இதனையும் ஒன்றாகவே நாம் எண்ணுகிறோம்.

பரம்பரையின் பங்கை அளந்து காட்டியவர்கள் டென்மார்க் நாட்டினர். அங்கே இரட்டைப் பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடு ஒன்று உண்டு. 1993-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றின்படி, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது 100-க்கு 72. தனித்தனிக் கருவில் தோன்றிய இரட்டையரிலோ அது 23 மட்டுமே. ஒரே வீடு, ஒரே தாய்ப்பால், ஒரே உணவு. இருந்தும் இத்தனை வேற்றுமை.

எந்த மரபணு என்பது 2006-இல் தெரியவந்தது. ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீனும் அவர்தம் குழுவினரும் முதலில் ஆராய்ந்தது எக்ஸிமாவை அன்று. தோல் மீன் செதிள் போல் வறண்டு உரியும் வேறொரு பரம்பரைக் கோளாற்றை. மேல்தோலில் ஃபிலாக்ரின் என்னும் புரதம் ஒன்று இருக்கிறது. தோலின் நார்களைத் திரட்டி இறுகக் கட்டுவது அதன் முதல் வேலை. பிறகு அதுவே சிதைந்து, நீரைப் பிடித்து வைக்கும் பொருள்களாக மாறித் தோலை ஈரமாகக் காக்கிறது. இப்புரதத்துக்குரிய மரபணு மிக நீளமானது. ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருவது. பல்லவியையே பத்து முறை எழுதிய ஏட்டில் எந்த வரியில் பிழை என்று தேடுவது போன்ற வேலை அது. அப்பிழையைக் கண்டுபிடித்தபோது, அக்குடும்பங்களில் எக்ஸிமாவும் மிகுந்திருப்பதை அவர்கள் கண்டனர். டப்ளின் நகரத்து ஆலன் இர்வைன் முதலியோருடன் சேர்ந்து ஆராய்ந்து, அதே பிழைகள் எக்ஸிமாவுக்கும் வழி கோலுகின்றன என்று அதே ஆண்டில் நிறுவினர். ஐரோப்பியருள் 100-க்கு ஏறத்தாழ 9 பேர் இப்பிழைகளைத் தாங்கியவர்கள். அவர்களுள் பலருக்கு உள்ளங்கையில் ரேகைகள் அளவுக்கு மிஞ்சி ஓடும். கைரேகை பார்ப்பவர் அதற்கு வேறு பலன் சொல்லக்கூடும்!

ஆகவே பழைய எண்ணம் தலைகீழாயிற்று. உள்ளிருந்து பொங்குவது மட்டுமன்று. சாந்து உதிர்ந்த சுவர் போலத் தோல் நெகிழ்ந்திருப்பதால் ஈரம் வெளியேறுகிறது, அழற்சி தரும் பொருள்கள் உள்ளே புகுகின்றன. இம்மரபணு தந்தை வழியிலும் தாய் வழியிலும் சரிசமமாக வரும் என்பதையும் கேள்வி கேட்போர் நினைவிற் கொள்ள வேண்டும்.

அதற்காக மரபணுவைத் தலையெழுத்து என்று கொள்ளுதல் தவறு. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பிழையைப் பெற்றவர்களில் பெரும்பாலோர்க்கு எக்ஸிமா வருவதில்லை. எக்ஸிமா உள்ள குழந்தைகளில் பலரிடம் இப்பிழையே இல்லை. ஐரோப்பாவில் மிகுதியாகக் கண்ட இரு பிழைகளும் ஜப்பானியரிடம் காணப்படவில்லை. அதே மரபணுவில் வேறு பிழைகள் அங்கே இருந்தன. ஆப்பிரிக்க வழியினரிடையே நோய் மிகுதியாக இருந்தும் இம்மரபணுப் பிழைகள் அரிதாகவே இருக்கின்றன. வேறு மரபணுக்களுக்கும், காற்றின் வறட்சிக்கும் பங்கு உண்டு. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மறைந்திருந்தது, டில்லியின் மார்கழிக் காற்றில் வெளிப்படலாம்.

சுவர் பழுது என்றால், பிறந்த நாள் முதல் பூசி வந்தால் நோயே வராதல்லவா என்று தோன்றும். இங்கிலாந்தில் 1,394 குழந்தைகளைக் கொண்டு இதனைச் சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டு நாள்தோறும் களிம்பு பூசிய குழந்தைகளிலும் பூசாத குழந்தைகளிலும் இரண்டாம் வயதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினருக்கு எக்ஸிமா இருந்தது. வருமுன் தடுக்க அது உதவவில்லை. வந்தபின் தோலை ஈரமாக வைத்திருக்கும் களிம்பே இன்றும் சிகிச்சையின் அடிப்படை. பாட்டியின் கேள்விக்கும் சோதனைகள் விடை கூறியிருக்கின்றன: முட்டை, பால் முதலியவற்றைக் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய்மார் விலக்கியதால் குழந்தைகளுக்கு எக்ஸிமா குறைந்ததாக அவை காட்டவில்லை.