இரண்டாவது கேம் என்ன விலை?



வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால் "பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, நிண்டெண்டோவா?" என்ற வாக்குவாதம் உங்கள் ஹாலுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். இல்லையென்றால் தீபாவளி போனஸ் சமயத்தில் வரும். பிள்ளைகள் ஒரு கன்சோலுக்காக வரிந்து கட்டிக்கொண்டு பேசுவதைக் கேட்டால், ரசிகர் மன்றத்தில் பிறந்து வளர்ந்தவர்களோ என்று தோன்றும். ஆனால் இந்தப் பற்று மிகச் சாதாரணமான இரண்டு விஷயங்களில் உண்டாகி, அதே இரண்டில் உடைந்தும் போயிருக்கிறது. ஒன்று, கேம் என்ன விலை. மற்றது, அந்த கேம் எதில் அடைத்து வருகிறது. இதைப் புரிந்துகொள்ள 1990களின் ஜப்பானுக்குப் போக வேண்டும்.

அன்று வீடியோ கேம் என்றால் நிண்டெண்டோதான். 1983இல் அவர்கள் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாம் என்ற கன்சோலின் நகல்கள்தான் பின்னால் நம் ஊருக்கு 'டிவி கேம்' என்ற பெயரில் வந்தன. கேசட்டின் வாயில் ஊதி ஊதிச் சொருகி மாரியோ ஆடியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தக் கேசட்டுக்குள் டேப் எதுவும் கிடையாது. ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அதன்மேல் கேமைச் சுமக்கும் சிப். இந்த சிப்தான் கதையின் முக்கியப் பாத்திரம், ஏனென்றால் அது விலை அதிகம்.

ஒரு கம்பெனி நிண்டெண்டோவுக்கு கேம் தயாரித்தால் கேசட்டை நிண்டெண்டோ வழியாகவே வாங்க வேண்டும். பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். சரக்கு கைக்கு வரப் பல வாரம் ஆகும். கேம் எதிர்பாராமல் ஓடிவிட்டால் கடையில் சரக்கு இருக்காது. ஓடாமல் போனால், பணம் கட்டிய கேசட்டெல்லாம் கிடங்கில் முடங்கும். இந்த ஆபத்தை எல்லோரும் எங்கே ஏற்றுவார்கள்? விலையில்தான். 1994இல் ஸ்கொயர் கம்பெனி சூப்பர் ஃபேமிகாமுக்கு வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டசி 6' விலை 11,400 யென். அந்தக் கன்சோலே 1990இல் 25,000 யென்னுக்குத்தான் வந்தது. அதாவது இரண்டு கேம் வாங்கினால் ஏறக்குறைய இன்னொரு கன்சோல் வாங்கிய செலவு.

இங்கே சோனி வருகிறது. சூப்பர் ஃபேமிகாமின் ஒலி சிப்பை வடிவமைத்தவர் சோனியின் பொறியாளர் கென் குடராகி. அந்த உறவில் 1988இல் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து சிடி வைத்த கன்சோல் செய்ய ஒப்பந்தம் போட்டன. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே அதே கண்காட்சியில் நிண்டெண்டோ எழுந்து, தாங்கள் பிலிப்ஸுடன் சேரப்போவதாகச் சொன்னது! சிடி மென்பொருளின் உரிமை சோனி கைக்குப் போய்விடும் என்பதுதான் பயம். நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளை வேறு வீட்டுக்குப் போனது போல. அந்த அவமானத்தை மறக்காத குடராகி சோனிக்குள்ளேயே போராடி, 1994 டிசம்பர் 3 அன்று தனியாக ஒரு கன்சோலைக் கொண்டுவந்தார். அதுதான் பிளேஸ்டேஷன்.

அதன் விலை 39,800 யென். மலிவு இல்லை. ஆனால் கூடவே வந்த 'ரிட்ஜ் ரேசர்' கேம் 5,800 யென், கேசட் கேம்களில் பெரியவை விற்ற விலையில் பாதி. சிடி அச்சடிக்கும் செலவு சிப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கேம் ஓடினால் சில நாளில் மறுபடி அச்சடித்துக் கடைக்கு அனுப்பலாம். ஓடவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். கேம் தயாரிப்பவர் புதிதாக ஏதாவது முயன்று பார்க்கத் துணிவு வந்தது இதனால்தான்.

நிண்டெண்டோ இதைப் பார்த்தும் அடுத்த கன்சோலுக்குக் கேசட்டையே வைத்துக்கொண்டது. ஏதோ பிடிவாதம் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேசட் போட்டவுடன் ஓடும், குழந்தை 'லோடிங்' என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். கீழே விழுந்தாலும் சிடி போலக் கீறாது. நகல் எடுப்பது கஷ்டம். கடைசிக் காரணம் எவ்வளவு நியாயமானது என்று பர்மா பஜாரில் கேம் சிடி வாங்கியவர்களுக்குத் தெரியும். இவற்றோடு, ஒவ்வொரு கேசட்டிலும் நிண்டெண்டோவுக்குக் கிடைத்த வருமானமும் ஒரு காரணம்.

1996 ஜூன் 23 அன்று ஜப்பானில் 'நிண்டெண்டோ 64' 25,000 யென்னுக்கு வந்தது. வேகத்தில் பிளேஸ்டேஷனுக்கு இளைத்தது அல்ல. கூடவே வந்த 'சூப்பர் மாரியோ 64' இன்றும் பாடமாகப் படிக்கப்படும் கேம். விலை 9,800 யென். அந்தக் கேசட்டின் கொள்ளளவு 8 மெகாபைட். ஒரு சிடியில் ஏறக்குறைய 650 மெகாபைட் பிடிக்கும்.

அதற்குள் ஸ்கொயர் முடிவெடுத்துவிட்டது. ஃபேமிகாம் காலத்திலிருந்து ஆறு 'ஃபைனல் ஃபேன்டசி'களையும் நிண்டெண்டோவுக்கே தந்த கம்பெனி, ஏழாவது பிளேஸ்டேஷனில்தான் என்று 1996 ஜனவரியில் அறிவித்தது. நீளமான கதை, சினிமா போன்ற காட்சிகள் எல்லாம் வேண்டும் என்றார்கள், கேசட்டில் அதற்கு இடமில்லை. 1997 ஜனவரி 31 அன்று மூன்று சிடிகளில் வந்த அந்த கேம் 6,800 யென். முந்தையதைவிடப் பல மடங்கு பெரிய கேம், 4,600 யென் குறைவாக! அமெரிக்க விளம்பரத்தில், இதையே கேசட்டில் போட்டால் 1,200 டாலர் ஆகும் என்று நிண்டெண்டோவைக் குத்தவும் செய்தார்கள். விளம்பரத்துக்கே உரிய மிகைதான், ஆனால் அடி சரியான இடத்தில் விழுந்தது. அதே ஜனவரியில் எனிக்ஸ் கம்பெனியும் தன் 'டிராகன் குவெஸ்ட்' வரிசையின் அடுத்த கேம் பிளேஸ்டேஷனில்தான் என்றது. ஜப்பானில் இந்த இரண்டும் போனால் மிச்சம் அதிகம் இல்லை.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் விற்றது 1 கோடியே 71 லட்சம். அடுத்து வந்த நிண்டெண்டோ 64 விற்றது 55 லட்சம். விற்பனை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பதின்மூன்று வருஷப் பற்று, ஒரே ஒரு தலைமுறைக் கன்சோலில் இந்தக் கதி.

வட, தென் அமெரிக்காவில் அவ்வளவு இறங்கவில்லை: 2 கோடியே 33 லட்சத்திலிருந்து 2 கோடியே 6 லட்சம். அங்கே 'ஃபைனல் ஃபேன்டசி' மோகம் அப்போது அவ்வளவு பெரிதில்லை. அதோடு நிண்டெண்டோ 64இல் நான்கு கன்ட்ரோலர் சொருகலாம். நான்கு நண்பர்கள் ஒரே சோபாவில் உட்கார்ந்து 'கோல்டன் ஐ' ஆடியபோது உண்டான பற்றை விலையால் அளக்க முடியாதுதான்.

ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிண்டெண்டோ 64 அமெரிக்காவுக்கு வந்தபோது இரண்டு கன்சோலும் 199 டாலர் அளவில் ஒரே விலை. கேசட் கேம் 60 டாலரில் தொடங்கி 80 வரை போனது. சிடி கேம் 40, 50 டாலர். இரண்டு வருஷத்தில் எட்டு கேம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஒரு கேமுக்கு 25 டாலர் வித்தியாசம் என்றால் மொத்தம் 200 டாலர். சிடி பக்கம் போன குடும்பத்துக்குக் கன்சோலே இலவசமாகக் கிடைத்த மாதிரி. 1997இல் சோனி, நன்றாக விற்ற பழைய கேம்களை 25 டாலருக்கு இறக்கி 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று அடுக்கியது. அப்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதானது.

நம் சமையலறை ஆர்.ஓ. மெஷினும் இப்படித்தான். வாங்கும் நாளில் மெஷின் விலையைப் பேரம் பேசுகிறோம். வருஷா வருஷம் ஃபில்டரும் மெம்பிரேனும் மாற்றும்போதுதான் உண்மையான விலை தெரிகிறது. கன்சோலைப் பல சமயம் நஷ்டத்துக்கே விற்பார்கள். ஒவ்வொரு கேமிலும் வரும் ராயல்டியில்தான் லாபம். ஆக, உங்கள் பற்று அவர்களுக்கு மாதச் சந்தா மாதிரி.

கன்சோல் தொழிலையே இழந்த கம்பெனி ஒன்று உண்டு. அது சேகா. அதன் ரசிகர்கள் ஒருகாலத்தில் நிண்டெண்டோ ரசிகர்களைக் கேலி செய்தே வளர்ந்தவர்கள். 1994 நவம்பரில் அமெரிக்காவில் அவர்களுக்கு '32எக்ஸ்' என்ற இணைப்புக் கருவியை 159 டாலருக்கு சேகா விற்றது. பழைய கன்சோலின் தலையில் இதைச் சொருகினால் புதியது போல ஆகும் என்றார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் 'சாட்டர்ன்' என்ற முழுப் புதிய கன்சோல் இன்றே கடையில் கிடைக்கும், விலை 399 டாலர் என்று அறிவித்தார்கள். 32எக்ஸ் வாங்கிக் கொடுத்த அப்பாக்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள். செப்டம்பரில்தான் வரும் என்று நம்பியிருந்த கடைக்காரர்களும் கேம் கம்பெனிகளும் கோபப்பட்டார்கள்.

அதே கண்காட்சியில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடை ஏறி, "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். கைதட்டல் அடங்க நேரமானது. 1999இல் சேகா 'டிரீம்காஸ்ட்' என்ற அருமையான கன்சோலை 199 டாலருக்குக் கொண்டுவந்தபோது, இதையும் பாதியில் கைவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி வாங்குபவர்கள் மனதில் இருந்தது. 2001 ஜனவரியில் சேகா கன்சோல் தொழிலையே விட்டு விலகியது.

சோனி இதிலிருந்து கற்றுக்கொண்டது. 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2, பழைய பிளேஸ்டேஷனின் சிடிகளையும் ஓட்டியது. உங்கள் அலமாரியில் முப்பது கேம் இருந்தால் அத்தனையும் புதிய கன்சோலிலும் ஓடும். அப்படி இருக்கும்போது வேறு பக்கம் போக மனம் வருமா? டிவிடி படமும் பார்க்கலாம் என்பது வீட்டுப் பெரியவர்களைச் சம்மதிக்க வைத்த காரணம். 15 கோடிக்கு மேல் விற்றது.

அடுத்த தலைமுறையில் சோனியே தடுமாறியது. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3, அமெரிக்காவில் 499, 599 டாலர் என்று இரண்டு விலையில் வந்தது. உள்ளே புளூ ரே, 'செல்' என்ற விலையுயர்ந்த சிப். ஒரு வருஷம் முன்பே எக்ஸ்பாக்ஸ் 360, 299 டாலரிலிருந்து கிடைத்தது. நிண்டெண்டோ வீ 249 டாலர். பிளேஸ்டேஷன் 2 வாங்கியவர்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம் நகர்ந்தது. பற்று பெரிது என்று நினைத்து விலை வைத்ததன் பலன்.

2013 ஜூனில் முறை மைக்ரோசாஃப்டுக்கு. எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர். அதோடு டிஸ்க்கை நண்பனுக்கு இரவல் கொடுப்பதற்கும் பழைய கேமை விற்பதற்கும் கட்டுப்பாடு. சோனி 399 டாலர் என்று சொன்னதோடு, தங்கள் கேமை இரவல் கொடுப்பது எப்படி என்று ஒரு குட்டி வீடியோ வெளியிட்டது. அதில் ஒருவர் டிஸ்க்கை இன்னொருவர் கையில் கொடுப்பார், அவ்வளவுதான். சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் கட்டுப்பாட்டை வாபஸ் வாங்கியது, ஆனால் அந்தச் சுற்றில் சோனியைப் பிடிக்க முடியவில்லை.

அந்தச் சுற்றில் தோற்றது முன்பு தோற்றவை போல இல்லை. மக்கள் டிஸ்க் வாங்குவதைக் குறைத்து, கணக்கு திறந்து டவுன்லோடு செய்யத் தொடங்கிய காலம் அது. எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் 2023இல் இதை வெளிப்படையாகவே சொன்னார்: தோற்கக்கூடாத தலைமுறையில் தோற்றுவிட்டோம், எல்லோரும் தங்கள் டிஜிட்டல் கேம் சேமிப்பைக் கட்டிக்கொண்டது அப்போதுதான் என்று.

அந்தச் சேமிப்பு கன்சோலோடு ஒட்டியது. 1997இல் மனம் மாறிய ஜப்பானியச் சிறுவன் தன் கேசட்டுகளைப் பழைய கேம் கடையில் விற்று, அந்தக் காசில் பிளேஸ்டேஷன் சிடி வாங்க முடிந்தது. இன்று உங்கள் பிள்ளையின் கணக்கில் இருக்கும் நாற்பது கேமை விற்கவும் முடியாது, எதிர் ஃபிளாட் நண்பனுக்கு இரவல் தரவும் டிஸ்க் இருந்த காலம் போல முடியாது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 இரண்டு வகையில் கிடைத்தது: டிஸ்க் போடும் வாய் உள்ளது 499 டாலர், அது இல்லாதது 399 டாலர். அந்த 100 டாலரை மிச்சம் பிடித்தவர்களுக்குக் கேம் வாங்க மிச்சமிருக்கும் இடம் சோனியின் டிஜிட்டல் கடை. கடையில் கேமின் விலை என்ன, தள்ளுபடி எப்போது என்பதை இப்போது தீர்மானிப்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்கள்.

ஸ்கொயரின் ஏழாவது 'ஃபைனல் ஃபேன்டசி' கடைசியில் நிண்டெண்டோ கன்சோலுக்கும் வந்தது. 2019 மார்ச்சில், ஸ்விட்சில், டவுன்லோடாக. இருபத்திரண்டு வருஷம் ஆனது.