'நோலி' எங்கே போச்சு?

1887-ல பெர்லின்ல ஒரு நாவல் வெளிவந்தது. எழுதியவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஹோசே ரிசால். அவர் எழுதினது ஸ்பானிஷ்ல. தலைப்பு மட்டும் லத்தீன்: 'நோலி மே டாங்கெரே'. பைபிளோட லத்தீன் மொழிபெயர்ப்புல வர்ற வாசகம். 'என்னைத் தொடாதே'ன்னு அர்த்தம்.

என்னை இழுத்தது அந்த 'நோலி'. அதோட நேர்ப்பொருள் 'விரும்பாதே'. அதாவது, 'என்னைத் தொட விரும்பாதே'ன்னு சுத்தி வளைச்சுத் தடுக்கறாங்க.

லத்தீன்லேர்ந்து வந்த ஸ்பானிஷ், 'நோலி'யை விட்டுடுச்சு. ஆனா லத்தீன்ல விருப்பத்தைச் சொல்ற இன்னொரு வினை வடிவம் இருந்தது. 'கான்தாஸ்'னா பாடுகிறாய், 'கான்தேஸ்'னா நீ பாட வேண்டும்ங்கற விருப்பம். ஸ்பானிஷ் அதைத்தான் தடை சொல்லப் பிடிச்சுக்கிட்டது. 'கான்தா'னா பாடு, 'நோ கான்தேஸ்'னா பாடாதே.

ஒழுங்கான வினைகள் எல்லாத்துக்கும் இதே கணக்குதான். 'ஆர்'ல முடியற வினைக்கு 'ஏ' வரும். 'ஏர்', 'இர்'ல முடிஞ்சா 'ஆ' வரும்: 'கொர்ரே'ன்னா ஓடு, 'நோ கொர்ராஸ்'னா ஓடாதே.

இந்த உயிரெழுத்தை அலட்சியமா விட முடியாது. மரியாதையா 'பாடாதீங்க'ன்னு சொல்ல 'நோ கான்தே'. அதையே 'நோ கான்தா'ன்னு சொன்னா, 'அவர் பாடவில்லை'ன்னு ஆயிடும். கட்டளை வெறும் தகவலா மாறிடும்.

ரிசால் தலைப்பையும் ஸ்பானிஷ்லயே வச்சிருந்தா, அது 'நோ மே தோக்கேஸ்'. 'விரும்பாதே'ங்கற சொல் அதுல இல்லை. ஆனா விருப்பத்துக்குன்னு இருந்த அந்தப் பழைய 'ஏ' இன்னும் அங்கேதான் இருக்கு.