குதிரைமுக மலையில் பூட்டிக் கிடக்கும் ஊர்

போன மாசி மாசம் மச்சான் குடும்பத்தோட ஹொரநாடு அன்னபூர்ணேஸ்வரி கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது களசா தாண்டி கார்கலாவுக்கு இறங்குற ரோடு. நடுவுல குதிரேமுக் வருது. கன்னடத்துல குதிரை முகம்னு அர்த்தம். டீ குடிக்கலாம்னு இறங்கினா, வரிசை வரிசையா குவார்ட்டர்ஸ். பல வீட்டுல பூட்டு, பூட்டு மேல துரு, சுவரெல்லாம் பாசி. இவ்வளவு பெரிய ஊரை யார் கட்டுனது, ஏன் விட்டுட்டுப் போனாங்கன்னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன்.

1913ல சம்பத் அய்யங்கார்ங்கிற புவியியல் நிபுணர் இங்க இரும்புத் தாது இருக்கறதைக் கண்டுபிடிச்சார். அறுபது வருசத்துக்கு மேல அது சும்மாவே கிடந்தது. 1976ல மத்திய அரசு கம்பெனி ஆரம்பிச்சது. கடன் தர்றேன், தாதுவையும் நானே வாங்கிக்கறேன்னு வந்தவர் ஈரான் ஷா. பேசின தொகை 63 கோடி டாலர். 1979ல அவர் ஆட்சியே கவிழ்ந்துடுச்சு. பணமும் பாதியில நின்னுச்சு, வாங்கறவனும் இல்ல. விதை குடுத்து, விளைஞ்சதை நானே எடுத்துக்கறேன்னு சொன்ன ஆளு அறுப்பு நேரத்துல போனை எடுக்காத கதைதான். அப்புறம் வேற நாடுகளுக்கு விக்க வேண்டியதாப் போச்சு.

நூறு கிலோ கல்லுல இரும்பு நாப்பது கிலோகூடத் தேறாது. அதனால கல்லை மாவா அரைச்சு, இரும்பைப் பிரிச்சு, தண்ணியோட கலந்து குழாயில சுமார் 67 கிலோமீட்டர் தள்ளி மங்களூருக்கு அனுப்புனாங்க. மிச்சமான சேறு லக்யா அணைக்குள்ள போச்சு. அணைன்னா தண்ணிக்குன்னுதான் எனக்குத் தெரியும். சுமார் 100 மீட்டர் உயரத்துல சேத்துக்கு ஒரு அணைன்னு இப்பதான் கேள்விப்படறேன்.

இந்த மலையிலதான் துங்கா, பத்ரா, நேத்ராவதி மூணும் பிறக்குது. எங்க தர்மபுரிப் பக்கம் 900 மில்லிமீட்டர் பெய்ஞ்சாலே நல்ல வருசம். இங்க 6000க்கு மேல. அந்த மழையில சுரங்க மண்ணு கரைஞ்சு பத்ராவுல இறங்குச்சு. கீழே நெல்லும் பாக்கும் போட்டவங்க அந்தத் தண்ணியை நம்பித்தான் இருக்காங்க. (சென்னைக்காரங்களே, நீங்க குடிக்கிற கிருஷ்ணா தண்ணியிலயும் இதுல ஒரு சொட்டு இருக்கும்.) முன்னாள் வனத்துறை ரேஞ்சர் கே.எம். சின்னப்பா கோர்ட்டுக்குப் போனார். 2002 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லுச்சு. 2005 கடைசியோட சுரங்கம் நின்னுச்சு.

விவசாயி நான், நின்னது சரின்னுதான் சொல்லுவேன். ஆனா டீக்கடைக்காரர் பேசுனது தொண்டையில நிக்குது. அவங்க அப்பா இங்கதான் வேலை பார்த்தாராம். "நான் பிறந்தது, படிச்சது எல்லாம் இங்கதான் அண்ணா. கூடப் படிச்சவன் ஒருத்தன்கூட இப்ப இல்ல"ன்னு கன்னடத்துல சொன்னார். எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அந்த அளவுக்குக் கன்னடம் புரியும்.

அணையைப் பத்திக் கேட்டேன். சேறு அப்படியேதான் இருக்காம், மேல புல்லு முளைச்சுக் கிடக்காம். மழைக்காலம் வந்தா இன்னும் ஆள் போய்ப் பார்த்துட்டு வர்றாங்களாம்.