இவை இன்னார் எழுத்து

சென்ற மாதம் பேரன் வந்திருந்தான். சென்னையில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் மடிக்கணினியில் ஏதோ பட்டியல் போட்டுக்கொண்டிருந்தான். என்னடா அது என்றேன்.

"யார் யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு கணக்கு தாத்தா. இதை எழுதலைன்னா மெடலே கிடையாது."

ஐஜெம் என்ற போட்டியாம். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு மாத வகுப்பாகத் தொடங்கி, 2004-ல் ஐந்து அணிகளோடு போட்டியானது. நம் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களும் அதில் கலந்துகொண்டிருக்கிறார்கள். கிருமியின் மரபணுவில் புதிதாகச் சேர்த்து, அதை நமக்கு வேண்டிய வேலையைச் செய்ய வைக்கும் செயற்கை உயிரியல். மாணவர் செய்தது எது, பேராசிரியர் செய்தது எது, வெளியார் உதவியது எது என்று ஒவ்வோர் அணியும் பிரித்து எழுத வேண்டும்.

அவனுக்குக் கிண்டி கதையைச் சொன்னேன். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் மூன்று இழை முறுக்கியது என்று 1954-ல் நேச்சர் இதழில் எழுதினார். உடன் எழுதியவர் கோபிநாத் கர்த்தா. 1963-ல், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு படம் வெளியிட்டார்கள். கட்டுரையில் மூன்று பெயர்: ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். பின்னிருவரும் அவரிடம் ஆராய்ச்சி பயின்றவர்கள். அவர் யார் பெயரையும் மறைக்கவில்லை. உலகம்தான் "ராமச்சந்திரன் வரைபடம்" என்று சுருக்கிக்கொண்டது. பேரன் அதைப் பாடத்தில் படித்திருக்கிறான். மற்ற இருவரைக் கேள்விப்பட்டதில்லை.

"குடுவை கழுவிக் கொடுக்கிறவர் பேர் போட்டியா?" என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சேர்த்தான்.

கேட்டுவிட்டேனே தவிர, எனக்கு நெஞ்சு உறுத்தியது. எண்பதுகளில் ஒரு வறட்சி வருடம், ஏரிகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை தயாரித்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன்; கோடும் கட்டமும் சுத்தமாக வரும். அதிகாரி பாராட்டினார். ஆனால் வெயிலில் ஏரி ஏரியாக நடந்து கணக்குக் கொண்டுவந்தவர் ஒரு தலையாரி. கோப்பின் ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருந்தது. அவர் பெயர் எங்குமில்லை. அவரும் கேட்கவில்லை. பிறகு காலமாகிவிட்டார்.

பழைய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். தானம் கொடுத்தவர் பெயரோடு நிற்காது. முடிவில் "இவை இன்னார் எழுத்து" என்று கணக்கர் பெயரும் வரும். என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குக் கூட அந்தக் காலத்தில் கல்லில் இடம் இருந்திருக்கிறது.

இங்கேயாவது அந்த மனிதர் பெயரை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. நாங்கள் எல்லோரும் அவரைத் "தலையாரி" என்றுதான் கூப்பிட்டோம். அவர் ஊரில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.