ஒரே வேதமும் இரண்டு சான்றிதழ்களும்



சபையாகக் கூடி வேதம் வாசிப்பதைப் பக்திப் பழக்கமாகவே பலரும் பேசிவருகிறார்கள். நாம் அதை வரலாறாகப் பேச வந்திருக்கிறோம். புத்தகம் யார் கையில் இருந்தது, யார் உரக்க வாசித்தார்கள், வாசித்து முடித்த பிறகு யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கேட்கத் தொடங்கினால் சபை வரலாறு வேறொன்றாகத் தெரிகிறது.

சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டைத் தரங்கம்பாடி அச்சகம் 1714-15இல் அச்சிட்டது. அந்த அச்சுப் பிரதி ஒன்று சில ஆண்டுகள் கழித்து ராஜநாயக்கன் என்ற சிப்பாயின் கைக்கு வந்தது. அவர் தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர், கத்தோலிக்கக் குடும்பம், பறையர். புத்தகம் அவரை மாற்றியது. தான் வாசித்ததைக் கூட இருந்த சிப்பாய்களுக்கும் சொன்னார். 1720களின் பிற்பகுதியில் தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்து, தஞ்சைப் பகுதிக்கு உபதேசியாராகி, 1771இல் இறக்கும்வரை ஊர் ஊராக நடந்தார். தமிழில் அச்சான வேதத்தைக் கூட்டமாக வாசித்த மரபின் முன்னோடிகளில் ஒருவர் சேரியிலிருந்து வந்தவர் என்பதை நாம் அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் குருப்பட்டம்? 1733இல் ஆரோனுக்குக் கிடைத்தது, அவர் வேளாளர். 1741இல் தியோகுவுக்குக் கிடைத்தது. ராஜநாயக்கன் பெயரும் பேச்சில் வந்தது. பறையர் கையால் திருவிருந்து வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்கினார்கள். பேச்சு அதோடு நின்றது. அவர் வாசிக்கலாம், விளக்கலாம், புதியவர்களைச் சேர்க்கலாம். அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க மட்டும் கூடாது. காதால் கேட்டால் ஒட்டாத தீட்டு, வாயில் வாங்கினால் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. நூறு ஆண்டு கழித்து, 1833இல், பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதியபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் கூட்டம் கூட்டமாக வெளியேறியவர்களும் வேதம் தெரியாதவர்கள் அல்லர். நன்றாகவே வாசித்தவர்கள்.

இனி மலைக்கு ஏறுவோம். சேர்வராயன் மலையில் 1820களில் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன். லண்டன் மிஷன் சேலத்தில் கால் வைத்தது 1827இல். துரைமார்களுக்குக் காப்பித் தோட்டம், கோடை வீடு, பிறகு கோயில், கான்வென்ட், 1917இல் மாண்ட்ஃபோர்ட் பள்ளி என்று ஏற்காடு வளர்ந்த கதை சுற்றுலாப் புத்தகங்களில் உண்டு. அவற்றில் அதிகம் பேசப்படாதவர்கள் இருவர். ஒருவர், மலையின் குடிகளான மலையாளிகள். கேரளத்தவரல்லர், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் முன்னோர் கதையைச் சொல்கிற மலைவாழ் மக்கள், சேர்வராயனைக் கும்பிடுகிறவர்கள். மற்றவர், கீழ்நாட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு ஏறி வந்த தலித் உழைப்பாளிகள்.

இவ்விரு வழியிலும் வந்த இரு பெண்கள் ஏற்காட்டுச் சபையொன்றில் அருகருகே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. யூதர், கிரேக்கர், அடிமை, சுயாதீனர் என்ற பிரிவெல்லாம் கிறிஸ்துவுக்குள் இல்லை என்று பவுல் எழுதும் இடம். இருவரும் ஆமென் சொல்கிறார்கள். எழுந்து தாலுகா அலுவலகத்துக்குப் போனால் நிலைமை வேறு. மலையாளி பட்டியல் பழங்குடி. பழங்குடிப் பட்டியலுக்கு மதம் நிபந்தனை இல்லை. அந்தப் பெண் கிறிஸ்தவராகவே இருந்து சான்றிதழ் வாங்கலாம். பக்கத்தில் இருந்த தலித் பெண்ணுக்கு அது முடியாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதி என்பதை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவர் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். எத்தனை தலைமுறைக்கு முன் மதம் மாறியிருந்தாலும் அதுவே கதி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கைநழுவுகிறது. சேரியில் குடியிருப்பு மட்டும் மாறுவதில்லை.

ஆகவேதான் நம் மக்களில் எத்தனையோ பேர் பதிவேட்டில் ஒரு பெயரும் ஞானஸ்நானத்தில் இன்னொரு பெயருமாக வாழ்கிறார்கள். இதை இரட்டை வேடம் என்று பிரசங்கிக்கிற போதகர்களை நாம் கேட்டிருக்கிறோம். பிள்ளையின் படிப்புக்காகத் தாய் தன் விசுவாசத்தை மறைத்துவைக்கிறாள் என்றால், வேடத்தை அவள் மேல் போர்த்தியது யார்?

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, நம் பறட்டை, இதற்கு வேறொரு வாசிப்பைச் சொல்லித் தந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவதை இறையியலின் நடுவில் வைத்தார். நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத் தமிழையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். எழுத்து தெரியாத பாட்டியும் பாடிக்கொண்டே வேதத்தை விளக்க முடியும் என்றானது. ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது எதுவோ, அந்த விருந்திலிருந்தே தொடங்கினார் பறட்டை. தலித் இறையியல் நூல்கள் பலவற்றைவிட அவருடைய உலை நமக்கு நெருக்கமானது என்பது எங்கள் எண்ணம்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பட்டியல் சாதி நிலையிலிருந்து பிரிக்கச் சொல்லி 2007இல் அறிக்கை தந்தது. அரசு ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். சபைகளிடம் நாங்கள் கேட்பது இதுதான்: வேதபாட வகுப்பில் கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கிற அன்று, 1950 ஆணையின் மூன்றாம் பத்தியையும் அதே மேசையில் வைத்து உரக்க வாசியுங்கள். நான்கைந்து வரிதான். வாசித்த பிறகு, அந்த இரண்டு பெண்களையும் முதலில் பேச விடுங்கள்.